களிம்பும் காப்பும் – நியூயோர்க் சுதந்திரச் சிலையின் உலோக வரலாறு

செம்புக்குக் களிம்பு உடன்பிறந்த மாசு என்பது தமிழ் மரபிலே வேரூன்றிய கருத்து. உயிரை அநாதியே பற்றிநிற்கும் ஆணவ மலத்துக்குச் சைவசித்தாந்திகள் காட்டும் உவமைகளுள் செம்பிற் களிம்பு தலையாயது. இரசகுளிகை பட்டுக் களிம்பு நீங்கிய செம்பு பொன்னாவது போலத் திருவருள் பட்டு மலம் நீங்கிய உயிர் சிவத்தன்மை எய்தும் என்பர். தத்துவ உலகு ஒருபுறமிருக்க, அடுக்களையிலும் களிம்பு பழிக்கப்பட்டே வந்துள்ளது. செப்புக் குடத்தைப் பழப்புளியிட்டுத் துலக்கிய பின்னரே பூசைக்கோ புழக்கத்துக்கோ எடுப்பர். இவ்வாறு மாசென ஒதுக்கப்பட்ட அக்களிம்பே, கடற்காற்றின் நடுவே நிற்கும் ஒரு பெருஞ்சிலைக்கு நூறாண்டுக்கு மேலாகக் கவசமாய் அமைந்தது என்பதும், அச்சிலையைக் காக்கவென மனிதர் இட்ட காப்புக்களிற் சில அதற்கே கேடு விளைத்தன என்பதும் உலோகச் சிற்பங்களின் வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்க செய்திகளாம். நியூயோர்க் துறைமுக வாயிலில் நிற்கும் சுதந்திரச் சிலையே இங்குக் குறிப்பிடப்படுவது.

இச்சிலை பிரான்சிய மக்கள் ஐக்கிய அமெரிக்க மக்களுக்கு வழங்கிய நன்கொடையாகும். இதனை உருவாக்கிய சிற்பி பிரெடெரிக் ஓகுஸ்த் பார்த்தோல்டி (1834–1904). அடிமுதல் கையிலேந்திய தீவர்த்தியின் நுனிவரை சிலையின் உயரம் 46 மீற்றர். இத்துணைப் பேருருவை வெண்கலத்தில் வார்ப்பதாயின் அதன் நிறையும் செலவும் தாங்கொணாதன ஆகியிருக்கும். ஆகவே பார்த்தோல்டி வேறொரு வழியை நாடினார். இத்தாலியில் மஜ்ஜோரே ஏரிக்கரையிலுள்ள அரோனா என்னும் ஊரில், 1698 இல் நிறைவெய்திய புனித கார்லோ பொரோமியோவின் பெருஞ்சிலை செப்புத் தகடுகளை அடித்து அமைக்கப்பட்டதாகும். அம்முறையையே அவரும் கைக்கொண்டார். பாரிஸ் நகரிலிருந்த காஜே–கோத்தியே பட்டறையில், மரத்தாற் செய்த அச்சுக்களின் மீது செப்புத் தகடுகளை வைத்துச் சுத்தியலால் அடித்தடித்து, ஆடையின் மடிப்புக்களும் முகத்தின் வளைவுகளும் உருவாக்கப்பட்டன. ஏறத்தாழ 300 தகடுகள் இவ்வாறு அடித்தெடுக்கப்பட்டன. அவற்றின் தடிப்பு 2.4 மில்லிமீற்றர் மாத்திரமே. சில்லறை நாணயங்கள் இரண்டினை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அத்தடிப்பு வந்துவிடும்.

இத்தகைய மெல்லிய தோல் தானாக நிற்கமாட்டாது. அதனைத் தாங்கும் முறையை வகுக்கும் பொறுப்பை முதலில் ஏற்றவர் கட்டடக் கலைஞரான வியொலெ-லெ-தூக். சிலையின் இடைவரை மணல் நிரப்பிய அறைகளை அமைத்துப் பாரத்தினாலேயே அதனை நிலைநிறுத்த அவர் எண்ணியிருந்தார். 1879 இல் அவர் இறந்தமையால் அப்பொறுப்பு இரும்புப் பாலங்கள் அமைப்பதிற் பெயர்பெற்ற பொறியியலாளர் குஸ்தாவ் ஈபெலிடம் சென்றது. பாரிஸின் புகழ்பெற்ற கோபுரத்தை 1889 இல் எழுப்பியவரும் இவரே. மணலை முற்றாகக் கைவிட்ட ஈபெல், நடுவே நான்கு கால்களையுடைய இரும்புத் தூண் ஒன்றினை நிறுத்தி, அதிலிருந்து கிளைக்கும் இரும்புச் சட்டங்களின் வழியே செப்புத் தோலைத் தாங்கச் செய்தார். தோலின் உட்புறத்தை ஒட்டி, அதன் ஒவ்வொரு வளைவுக்கும் ஏற்ப வளைத்த தட்டையான இரும்புப் பட்டைகள் ஓடின. அவற்றின் தொகை ஏறத்தாழ 1800. இப்பட்டைகள் செம்புடன் நேரே தறையப்படவில்லை என்பது கவனித்தற்குரியது. குதிரையின் முதுகிற் கவிந்திருக்கும் சேணம்போல, செம்பினாலான சிறு பட்டிகள் இரும்புப் பட்டைகளின் மேலாக வளைந்து சென்று, இருபுறமும் தோலுடன் தறையாணிகளால் இணைக்கப்பட்டன. வெயிலில் தோல் விரியும்போதும் குளிரிற் சுருங்கும்போதும் இரும்பு அச்சேணத்தினுள்ளே வழுக்கிச் செல்லும். தோல் எங்கும் இறுகப் பிணிக்கப்படாது மிதந்து நின்றது எனலாம். அக்காலத்தில் இஃது ஓர் அரிய பொறியியற் சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இவ்வமைப்பினுள் ஒரு பகை ஒளிந்திருந்தது. செம்பும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டு நிற்க, இடையே உப்புநீர் சேருமாயின், அங்கு ஒரு மின்கலம் பிறந்துவிடுகிறது. மின்னிரசாயனத் தொடரில் இரும்பு செம்பினும் தாக்கங்கூடியது. எனவே அக்கலத்தில் இரும்பு அனோட்டாகிக் கரையும்; செம்பு கதோட்டாகித் தப்பிக்கொள்ளும். செம்பின் பரப்பு பெரிதாகவும் இரும்பின் பரப்பு சிறிதாகவும் இருக்குமாயின் இரும்பின் அழிவு மேலும் விரைவுபடும். சிலையின் தோலையும் பட்டைகளையும் ஒப்புநோக்கின், கேட்டுக்கு இதனினும் ஏற்ற ஒரு விகிதத்தை வேண்டுமென்றே அமைத்தல்கூட அரிது என்று தோன்றும்.

இவ்வுண்மை ஈபெலின் காலத்துக்கு நெடுநாள் முன்னரே கடலோடிகளுக்குத் தெரிந்திருந்தது. 1761 இல் ஆங்கிலக் கடற்படையின் ‘அலார்ம்’ என்னும் போர்க்கப்பலின் அடிப்புறத்திற் செப்புத் தகடுகள் போர்த்தப்பட்டன. மரத்தைத் துளைக்கும் கடற்புழுக்களைத் தடுப்பதே நோக்கம். மேற்கிந்தியத் தீவுகளிற் பணிபுரிந்து மீண்ட கப்பலை 1763 இற் பரிசோதித்தபோது, செம்பைத் தொட்டிருந்த இரும்பு ஆணிகள் பல அரிக்கப்பட்டு உதிரும் நிலையிற் காணப்பட்டன. ஆனால் சில ஆணிகள் பழுதின்றி இருந்தன. காரணம் யாதெனின், தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புநிறக் கடதாசியின் துண்டுகள் அவ்விடங்களில் அகற்றப்படாது ஆணிக்கும் செம்புக்கும் இடையே சிக்கிக் கிடந்தமையே. தொழிலாளரின் கவனக்குறைவு இங்கு ஒரு விஞ்ஞான உண்மையை நிறுவிற்று! மின்கலத்தின் தத்துவத்தை வொல்ற்றா 1800 இல் வெளியிடுவதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்தது இது.

அதன்பின் 1824 இல் ஹம்பிறி டேவி இதனை மறுதலையாகப் பயன்படுத்த முயன்றார். கப்பலின் செப்புத் தகட்டுடன் நாகத்தையோ இரும்பையோ வேண்டுமென்றே இணைத்தால், அவை தாம் கரைந்து செம்பைக் காக்கும் என்றார். அவ்வாறே செம்பு காக்கப்பட்டது. ஆனால் செம்பு கரையாது போகவே, கப்பலின் அடியிற் பாசியும் சிப்பிகளும் தடையின்றி ஒட்டி வளரலாயின. செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து நஞ்சூட்டி வந்தமையே அதுகாறும் அவற்றை விரட்டியிருந்தது. காப்பு முழு வெற்றி பெற்றமையாற் கப்பல் பயன் குன்றியது. சுதந்திரச் சிலையின் பிற்கால வரலாற்றைப் படிப்போர்க்கு இந்நிகழ்ச்சி பலமுறை நினைவுக்கு வருதல் கூடும்.

ஈபெல் இவ்வபாயத்தை அறியாதவரல்லர். இரும்புப் பட்டைக்கும் செப்புக்கும் இடையே, அரக்கிற் தோய்த்த கல்நார்த் துண்டுகளை வைத்து அவற்றைப் பிரித்தார். ‘அலார்ம்’ கப்பலின் கடதாசி செய்த பணியை இங்குக் கல்நார் செய்ய வேண்டியதாயிற்று. அக்காலத்திற் கிடைத்த பொருள்களுள் அது தக்கதொரு தெரிவே. ஆனால் அரக்கு நிலையான பொருளன்று. ஆண்டுகள் செல்ல அது பொடிந்து உதிர்ந்தது. அரக்கை இழந்த கல்நார் பஞ்சுபோல நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. பிரித்துவைக்க இட்ட பொருளே இரு உலோகங்களையும் இணைக்கும் ஈரத்திரியாகிவிட்டது.

1884 இற் பாரிஸிற் பூர்த்தியான சிலை பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, ‘இசேர்’ என்னும் கப்பலில் 1885 இல் நியூயோர்க்கை அடைந்தது. 1886 ஒக்டோபர் 28 ஆந் திகதி ஜனாதிபதி குறோவர் கிளீவ்லண்ட் தலைமையில் அதன் அர்ப்பண விழா நடைபெற்றது. அன்று கூடிநின்றோர் கண்டது இன்று உலகறிந்த பச்சைநிற உருவை அன்று. மங்கிய செந்நிறச் செம்பையே கண்டனர். சில ஆண்டுகளில் அது கருமை கலந்த பழுப்பாயிற்று. பின்னர் ஆங்காங்கே பச்சை படரத் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டின் முதற் சில ஆண்டுகளில் உருவம் முழுவதையும் மூடிற்று.

சிலை நோய்வாய்ப்பட்டுவிட்டதென்றே பலர் எண்ணினர். 1906 இல் ஐக்கிய அமெரிக்கக் காங்கிரஸ் திருத்த வேலைகளுக்கென 62,800 டொலரை ஒதுக்கியபோது, சிலையின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் வர்ணம் பூசுதலும் அவ்வேலைகளுள் அடங்கியிருந்தது. செய்தி வெளியானதும் பொதுமக்களிடையே பெரும் எதிர்ப்பு எழுந்தது. அப்போது சிலைக்குப் பொறுப்பாயிருந்தது போர்த் திணைக்களம். இராணுவப் பொறியியலாளர் களிம்பினை ஆராய்ந்து, அது செம்பை அழிக்கவில்லை, காக்கின்றது என்ற முடிவுக்கு வந்தனர். வெளிப்புறம் பூச்சினின்றும் தப்பியது. சிலையின் வரலாற்றில் எடுக்கப்பட்ட தீர்மானங்களுள் இதுவே தலைசிறந்தது என்று கூறுதல் மிகையாகாது. ஒன்றும் செய்யாதிருத்தல் என்பதும் அறிந்து செய்யப்படும்போது ஒரு செயலே.

அப்பொறியியலாளர் கண்டது சரியென்பதைப் பிற்கால இரசாயன ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. செம்பு முதலில் வளியின் ஒட்சிசனுடன் சேர்ந்து மெல்லிய ஒட்சைட்டுப் படையைப் பெறுகின்றது. நிலக்கரிப் புகையால் நகர வளியிற் கலந்த கந்தகவீரொட்சைட்டு ஈரத்துடன் சேர்ந்து அப்படையைத் தாக்க, நீரிற் கரையாத மூலச் செப்புச் சல்பேற்று உண்டாகின்றது. புறொக்கந்தைற்று எனப்படும் கனிப்பொருள் இதுவே. சிலையின் பச்சை பெரும்பாலும் இதன் நிறமாகும். கடலுப்பினாலாகிய குளோரைட்டுச் சேர்வைகளும் சிறிதளவு உள. இரும்பின் துரு நுண்டுளைகள் நிறைந்தது. உதிர்ந்து உதிர்ந்து புதிய உலோகத்தைத் திறந்துவிடுவது. செம்பின் இக்களிம்போ இறுகப் பற்றிநின்று கீழுள்ள உலோகத்தை மூடுவது. நூறாண்டின் பின் அளந்து பார்த்தபோது, தோல் இழந்திருந்தது ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு அளவான தடிப்பையே. ஆயினும் இக்கவசம் எந்நிலையிலும் அழியாதது எனக் கொள்ளுதல் தவறு. மழைநீரின் அமிலத்தன்மை மிகுமாயின் புறொக்கந்தைற்று அந்திலரைற்று என்னும் எளிதிற் கரையும் வடிவுக்கு மாறக்கூடும். 1980 களிற் சிலையை ஆராய்ந்தோர் இம்மாற்றத்தைக் குறித்தே கவலை கொண்டனர்.

வெளிப்புறத்துக்குக் கிடைத்த நல்லூழ் உட்புறத்துக்குக் கிட்டவில்லை. அங்குத் திட்டமிட்டபடி பூச்சு இடப்பட்டது. 1911 இல் நிலக்கரித் தார் பூசினர். பின்னர் அலுமினியப் பூச்சு, ஈயப் பூச்சு, பார்வையாளர் கிறுக்கிய பெயர்களை மறைக்க வேறொரு பூச்சு எனப் படைமேற் படையாக ஏழு படைகள் ஏறின. ஒவ்வொரு தலைமுறைப் பொறுப்பாளரும் தத்தம் கடமையை நன்கு நிறைவேற்றியதாகவே எண்ணியிருத்தல் வேண்டும். உட்சுவர் தூய்மையாகக் காட்சியளித்தது. ஆனால் பூச்சு மூடியது நோயையே. சேணங்களின் உள்ளே நிகழ்வது கண்ணுக்குப் புலப்படாது போயிற்று. உட்சென்ற ஈரமும் வெளியேற வழியற்றுப் போயிற்று.

ஈரம் எங்கிருந்து வந்தது என்பதும் வினவத்தக்கது. பார்வையாளரின் மூச்சே ஒரு காரணம். காற்றோட்டங் குறைந்த உட்புறத்தில் அது குளிர்ந்த தோலிற் படிந்து நீராய் வடிந்தது. ஆனால் தீவர்த்தியே பெரிய குற்றவாளி. பார்த்தோல்டி அதனைப் பொன்முலாம் பூசிய மூடிய சுடராக எண்ணியிருந்தார். அமெரிக்கரோ அதனைக் கலங்கரை விளக்காக்க விரும்பிச் செம்பிலே துளைகளை வெட்டினர். 1916 இல் கட்சன் போர்க்லம் என்னும் சிற்பி (மவுண்ட் றஷ்மோர் மலையில் ஜனாதிபதிகளின் முகங்களைப் பிற்காலத்திற் செதுக்கியவரும் இவரே) சுடரைச் சல்லடைபோல வெட்டி, ஏறத்தாழ 600 மஞ்சட் கண்ணாடித் துண்டுகளைப் பதித்தார். உள்ளே விளக்கேற்ற அது அழகாகவே ஒளிர்ந்தது. ஆனால் அத்தனை கண்ணாடிகளின் விளிம்புகளையும் நீர்புகாது அடைத்தல் இயலாத காரியம். மழைநீர் சுடரிலிருந்து கைவழியே சிலையின் உள்ளே இறங்கியவண்ணம் இருந்தது.

இவ்வாறு நனைந்த கல்நாரின் அருகே இரும்பு துருவாகலாயிற்று. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பலமடங்கு கனவளவைக் கொள்ளும். வழுக்கிச் செல்வதற்கென விடப்பட்ட சேணத்தின் இடைவெளியை அது நிரப்பிப் பட்டையை அசையாது இறுக்கிற்று. பின்னரும் பருத்துச் சேணத்தையே நெம்பித் தறையாணிகளைத் தோலினின்றும் பிடுங்கிற்று. ஆணி கழன்ற துளைகள் வழியே மேலும் நீர் புகுந்தது. ஈபெலின் மிதக்கும் தோல் இப்போது விலங்கிடப்பட்ட தோலாயிற்று. வெப்பத்தால் விரியும்போது செம்பு நெளிந்து கிழியத் தலைப்பட்டது. வெளியே நின்று நோக்கியவர்க்குச் சிலை அமைதியான பச்சை நிறத்துடன் விளங்கிக்கொண்டே இருந்தது என்பதுதான் இதிற் கொடுமை.

நூற்றாண்டு விழா நெருங்கிய வேளையில், 1981 அளவில் பிரான்சிய, அமெரிக்கப் பொறியியலாளர் இணைந்து மேற்கொண்ட ஆய்வு இந்நிலையை வெளிப்படுத்திற்று. பட்டைகள் பல தம் தடிப்பிற் பெரும்பகுதியை இழந்திருந்தன. சிலையைப் பொருத்திய காலத்தில் நேர்ந்த தவறொன்றும் வெளிவந்தது. தலை நடுவச்சிலிருந்து ஏறத்தாழ 60 சதமமீற்றர் விலகிப் பொருத்தப்பட்டிருந்தமையால், முடியின் கதிர்களுள் ஒன்று உயர்த்திய வலக்கையிலே உரசித் துளையிட்டிருந்தது. 1984 இல் சிலை பொதுமக்களுக்கு மூடப்பட்டுத் திருத்த வேலைகள் ஆரம்பமாயின.

முதலிற் பழைய காப்புக்களை அகற்ற வேண்டியிருந்தது. மணல் வீசி உரித்தாற் மென்மையான செம்பு சேதமுறும். இரசாயனக் கரைப்பான்களோ மூடிய இடத்தில் வேலைசெய்வோர்க்கு ஆபத்தானவை. திரவ நைதரசனைப் பீச்சும் முறை கையாளப்பட்டது. பூச்சியத்துக்குக் கீழ் 190 பாகை செல்சியசையும் கடந்த குளிரில் வர்ணப் படைகள் நொறுங்கிச் செதில்களாக உதிர்ந்தன. தார் மாத்திரம் அதற்கும் அசையவில்லை. ஈற்றில் அதனை வென்றது அப்பச்சோடா. சோடியமிருகாபனேற்று என விஞ்ஞானிகள் கூறும் இவ்வடுக்களைப் பொருளை அமுக்கமேற்றிய காற்றுடன் வீசியபோது, செம்பைக் கீறாது தார் மட்டும் உரிந்தது. ஆனால் சோடாத்தூள் தகட்டு இணைப்புக்களின் வழியே வெளியே கசிந்து, பச்சைக் களிம்புடன் தாக்கமுற்று நீலக்கறைகளை உண்டாக்கியது. வெளிப்புறத்தை உடனுக்குடன் நீரால் கழுவ வேண்டியதாயிற்று. எண்பது ஆண்டுகளுக்கு முன் மக்கள் எதிர்த்துக் காத்த களிம்பை, சிலையைக் காக்க வந்தோரே கெடுத்துவிடும் நிலை ஒரு கணம் தோன்றி மறைந்தது.

அடுத்து எழுந்தது பட்டைகள் பற்றிய வினா. ஈபெலின் இரும்பை இரும்பாலேயே மாற்றுதல் வரலாற்று நேர்மைக்கு உகந்தது. ஆனால் அதே நோய் மீண்டும் வருதல் திண்ணம். செம்புக் கலப்புலோகங்கள் உட்படப் பலவும் பரிசீலிக்கப்பட்டபின், வலிமையிலும் நெகிழ்ச்சியிலும் பழைய இரும்பை ஒத்த 316 எல் வகைத் துருப்பிடியா உருக்கு தெரிவுசெய்யப்பட்டது. பொருளை இழந்து வடிவத்தைக் காத்தனர் என்று இதனைக் குறைகூறுதல் கூடும். எனினும் ஈபெலின் கலை இரும்பில் இருந்ததன்று. தோலை மிதக்கவிட்ட அவ்வமைப்பில் இருந்தது. அவ்வமைப்பை மீண்டும் இயங்கச் செய்த உருக்கு, அசையாது இறுகிப்போன மூல இரும்பிலும் அவருக்கு உண்மையாய் நின்றது என்பதே பொருந்தும். நடுத்தூண் பெரிதும் பழுதுறாமையால் அகற்றப்படவில்லை. ஐக்கிய அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா உருவாக்கியிருந்த நாகப் பூச்சொன்று அதற்கு இடப்பட்டது. நாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். டேவியின் பழைய கருத்து தனக்குரிய இடத்தை இங்கே கண்டடைந்தது.

பட்டைகளை மாற்றிய முறை பொறுமைக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரே வேளையிற் பலவற்றைக் கழற்றினாற் தோல் சரிந்துவிடும். ஆகவே சிலையின் நான்கு பாகங்களிலும் பாகத்துக்கு ஒன்றாக நான்கு பட்டைகளையே ஒரு தடவையிற் கழற்றினர். ஒவ்வொன்றையும் அச்சொட்ட உருக்கில் வளைத்து, வளைத்ததால் ஏற்பட்ட இறுக்கத்தை மின்னோட்டத்தாற் சூடாக்கித் தளர்த்தி, நைத்திரிக்கமிலத்தில் இட்டு அதன் காப்புப் படையை மீளப் பெறச்செய்து, பழைய இடத்திற் பொருத்தினர். கல்நார் இருந்த இடத்தில் தெப்லோன் நாடா வைக்கப்பட்டது. அது நீரை உறிஞ்சாது. வழுக்குந் தன்மையும் உடையது. காற்றைச் சீராக்கும் சாதனங்களும் உட்புறத்திற் பொருத்தப்பட்டன.

முன்னர் இடப்பட்ட செப்பு ஒட்டுக்கள் சிலவும் நீக்கப்பட வேண்டியிருந்தன. புதுச் செம்பை அவ்விடங்களில் வைத்தால் பச்சை உடலிற் செந்நிறத் தழும்புபோற் தோன்றும். பெல் ஆய்வுகூடத்தின் கூரையிற் கிடந்து பல்லாண்டு மழையில் தானாகவே பச்சையேறிய செப்புத் தகடுகள் இதற்கெனப் பெறப்பட்டன. ஈடாக, சிலையின் பழைய செம்பிற் சில துண்டுகள் ஆய்வுக்கென அக்கூடத்துக்குக் கொடுக்கப்பட்டன. களிம்பைச் செயற்கையாய்த் தீட்டாமல் காலம் தீட்டியதையே தேடிப் பெற்றமை பாராட்டத்தக்கது. 1986 ஜூலையில், நூற்றாண்டுக் கொண்டாட்டங்களுடன் சிலை மீண்டும் திறக்கப்பட்டது.

உலோகச் சிற்பங்களைக் காக்க வேறொரு வழியும் உண்டு. உரோம் நகரின் கபிற்றோலியக் குன்றில் நின்ற மார்க்கஸ் ஒறேலியஸ் பேரரசனின் வெண்கலக் குதிரைச் சிலை 1981 இல் பீடத்தினின்றும் இறக்கப்பட்டது. இன்று வெளியே நிற்பது அதன் படியே. வெனிசின் புனித மாற்கு தேவாலய முகப்பிலிருந்த நான்கு குதிரைகளுக்கும் அதுவே நேர்ந்தது. இவை பொன்முலாம் பூசப்பெற்றவை. பொன் செம்பினும் தாக்கங் குறைந்தது. ஆகவே முலாம் கீறுண்ட இடங்களிலெல்லாம் கீழுள்ள வெண்கலமே பலியாயிற்று. அவற்றைக் கூரையின் கீழ்க் கொண்டுசெல்லுதல் தவிர வேறு வழி காணப்படவில்லை. 46 மீற்றர் உயரமுடைய உருவுக்கு எக்கூரையும் போதாது. ஆயினும் அதன் ஒரு பகுதி மாத்திரம் உள்ளே சென்றது. போர்க்லம் வெட்டிக் கண்ணாடி பதித்த தீவர்த்தி திருத்த முடியாத அளவு அரிக்கப்பட்டிருந்தமையால், 1984 ஜூலை 4 ஆந் திகதி இறக்கப்பட்டது. றீம்ஸ் நகரிலிருந்து வந்த பிரான்சியக் கைவினைஞர், பார்த்தோல்டி எண்ணியவாறே துளையற்ற செப்புச் சுடரொன்றை அடித்து அதன் மீது பொற்றகடு ஒட்டினர். விளக்குகள் இப்போது வெளியேயிருந்து அதன் மேல் ஒளி வீசுகின்றன. பழைய தீவர்த்தி பீடத்தின் உட்கூடத்தில் பல்லாண்டு வைக்கப்பட்டிருந்து, 2019 மே மாதம் அத்தீவிலேயே திறக்கப்பட்ட நூதனசாலைக்கு மாற்றப்பட்டது. மஞ்சட் கண்ணாடிகளும் பச்சைக் களிம்புமாய் அது அங்கே மழை படாது நிற்கின்றது.